பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 – ஜூலை 8, 2003) தொழுநோயால் செயலிழந்த கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்திற்கு அடித்தளமிட்ட பிரித்தானிய மருத்துவர் ஆவார். தமிழ்நாட்டின் கொல்லி மலையில் வளர்ந்த இவர், 1946 ஆம் ஆண்டு முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணிபுரிந்தார்.

1947 ஆம் ஆண்டில் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு இவர் சென்றிருந்தார். அங்கு ஒரு நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்த நிகழ்வே இவரது வாழ்நாள் ஆய்வின் தொடக்கம் ஆயிற்று. தொழுநோயில் விரல்கள் மடங்குவதும் தேய்ந்து குறுகுவதும் சதை அழுகுவதால் நேர்வதாக அதுவரை பரவலாக நம்பப்பட்டது. நரம்புகள் செயலிழப்பதே இதற்கு அடிப்படைக் காரணம் என்பதையும், நரம்பை மீட்க முடியாவிட்டாலும் கையை மீட்க முடியும் என்பதையும் பிராண்ட் நிறுவினார்.

பிறப்பும் இளமையும்

பிராண்டின் தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் ஈவ்லின் பிராண்ட். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த கிறித்தவ சமயப் பணியாளர்கள். அக்காலத்தில் சேலம் மாவட்டத்தில் இருந்த கொல்லி மலை (தற்போது நாமக்கல் மாவட்டம்) அவர்களது பணிக்களமாக இருந்தது. சமயப் பணியோடு கல்வி, வேளாண்மை, எளிய மருத்துவ உதவி ஆகியவற்றையும் அவர்கள் மலைவாழ் மக்களிடையே மேற்கொண்டனர். பால், அவரது தங்கை கோனி ஆகிய இருவரும் மலையில் தமிழ் பேசி வளர்ந்தனர்.

பிராண்ட் சிறுவனாக இருந்தபோது தொழுநோயாளிகள் மூவர் உதவி தேடி அவர்களது வீட்டிற்கு வந்தனர். வழக்கமாக எல்லா நோயாளிகளையும் தயங்காமல் தொட்டு மருத்துவம் செய்த தந்தை, அன்று கையுறை அணிந்துகொண்டே அவர்களின் புண்களுக்குக் கட்டுப் போட்டார். பிள்ளைகள் விலகி நிற்கும்படி கூறப்பட்டனர். அந்நோயின் மீது படித்தவர்களுக்கும் இருந்த அச்சத்தை அவர் முதலில் கண்டது அன்றுதான்.

1923 ஆம் ஆண்டில் ஒன்பது வயதில் படிப்பிற்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929 ஆம் ஆண்டு ஜூன் மாதம் தந்தை கொல்லி மலையில் கடுமையான மலேரியாவின் விளைவான கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். மகனுக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிறைவடையவில்லை.

கல்வி

பள்ளிப் படிப்பிற்குப் பின் பிராண்ட் மருத்துவம் பயில விரும்பவில்லை. தந்தையைப் போல் மலையில் வீடுகள் கட்டித் தரும் எண்ணத்துடன் கட்டடத் தொழிலில் பயிற்சியாளராகச் சேர்ந்து, கல் வேலை, தச்சு வேலை முதலியவற்றை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கற்றார். பின்னர் சமயப் பணியாளர்களுக்கான ஓராண்டு மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தார். அப்போது, இரத்தம் இழந்து இறக்கும் நிலையில் இருந்த பெண்ணொருவர் இரத்தம் ஏற்றப்பட்டதும் உயிர் மீண்டதைக் கண்டது அவரது மனத்தை மாற்றியது. 1937 ஆம் ஆண்டில் இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி மருத்துவமனையில் மருத்துவ மாணவரானார்.

இரண்டாம் உலகப் போரில் இலண்டன் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது, காயமடைந்தவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் பணியில் ஈடுபட்டார். சிதைந்த கைகளையும் அறுந்த நரம்புகளையும் தசைநாண்களையும் கையாளும் பயிற்சி இக்காலத்தில் கிடைத்தது. உடன் பயின்ற மார்கரெட் பெரியை 1943 ஆம் ஆண்டில் மணந்தார். மார்கரெட் பின்னாளில் தொழுநோயாளிகளின் கண் மருத்துவத்தில் புகழ் பெற்றார்.

வேலூருக்கு வருகை

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வராக அப்போது இருந்தவர் ராபர்ட் காக்ரேன் (1899–1985). இவர் தோல் மருத்துவர். தொழுநோய் ஆய்வில் உலகப் புகழ் பெற்றவர். இவரது அழைப்பின் பேரில் பிராண்ட் 1946 ஆம் ஆண்டில் இந்தியா திரும்பி, வேலூரில் அறுவை மருத்துவ ஆசிரியராகப் பொறுப்பேற்றார். மார்கரெட் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார். அந்நாளில் பிராண்டின் பணி பொது அறுவை மருத்துவமும் எலும்பு மருத்துவமும் ஆகும். தொழுநோய்க்கும் அவருக்கும் தொடர்பு இருக்கவில்லை.

திருமணியில் ஒரு கைப்பிடி

காக்ரேன் வேலூரோடு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையிலும் பணியாற்றி வந்தார். மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மேற்கே அமைந்தது செங்கல்பட்டு. அதனை அடுத்த திருமணியில் 1924 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இம்மருத்துவமனை, சென்னை மாகாண ஆளுநராக இருந்தவரின் மனைவியின் பெயரால் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை என அழைக்கப்பட்டது. அக்காலத்தில் தமிழ்நாட்டில் தொழுநோய் மிகுந்திருந்த பகுதிகளுள் செங்கல்பட்டு வட்டாரமும் ஒன்றாகும். தொழுநோய்க்கு முதன்முதலாகப் பயன் தந்த சல்போன் வகை மருந்துகளைக் காக்ரேன் 1940களில் இங்கு நோயாளிகளுக்கு அளித்து ஆராய்ந்து வந்தார்.

1947 ஆம் ஆண்டில் காக்ரேனின் அழைப்பை ஏற்றுப் பிராண்ட் திருமணி சென்றார். காக்ரேன் தோலின் தழும்புகளையும் திட்டுகளையும் விளக்கிக்கொண்டு வந்தார். பிராண்டின் கவனமோ நோயாளிகளின் கைகளின் மீது இருந்தது. பலருக்கு விரல்கள் உள்நோக்கி மடங்கி, பறவையின் நகம் போல வளைந்திருந்தன. சிலருக்கு விரல்கள் குட்டையாகி வெறும் முண்டுகளாக இருந்தன. இவ்வாறு ஆவது ஏன் என்றும், சரி செய்ய என்ன செய்யப்படுகிறது என்றும் அவர் கேட்டார். தாம் தோல் மருத்துவர் என்றும், எலும்பு மருத்துவர் எவரும் இதுவரை இந்நோயாளிகளின் கைகளை ஆராய முன்வரவில்லை என்றும் காக்ரேன் பதிலளித்தார். எலும்பு முறிவு, மூட்டு நோய், இளம்பிள்ளை வாதம் ஆகியவற்றுக்கு வல்லுநர்கள் பலர் இருந்தனர். தொழுநோயால் ஊனமுற்றவர்களுக்கு அத்தகைய வல்லுநர் ஒருவரும் இல்லை.

சிறிது நேரத்தில், செருப்பைக் கழற்ற முடியாமல் தடுமாறிய ஓர் இளைஞரைப் பிராண்ட் கண்டார். அவரது விரல்கள் செருப்பு வாரைப் பற்ற இயலாமல் நழுவின. அவருடைய கையில் தம் கையைக் கொடுத்து, இயன்ற அளவு அழுத்துமாறு பிராண்ட் தமிழில் கேட்டார். வாதமுற்ற கை என்பதால் மெல்லிய அழுத்தத்தையே எதிர்பார்த்தார். ஆனால் அந்தக் கை இரும்புப் பிடியாக இறுகியது. நகங்கள் பிராண்டின் சதையில் பதிந்து வலித்தன.

ஒரு பொருளைக்கூட எடுக்க முடியாத கையில் இத்தனை வலிமையுள்ள தசைகள் எஞ்சியிருந்தன. அப்படியானால் வாதம் முழுமையானது அன்று; சில தசைகள் மட்டுமே செயலிழந்திருக்க வேண்டும். எவை செயலிழந்தன, எவை எஞ்சின என்று அறிந்தால், எஞ்சியவற்றைக் கொண்டு கையைச் சீரமைக்கலாம். பிராண்டின் பிற்காலப் பணிகள் அனைத்தும் இந்த ஊகத்தின் விரிவாக்கமே எனலாம்.

நரம்புகளும் வாதமும்

இந்த ஊகத்தைப் புரிந்துகொள்ளக் கையின் அமைப்பை அறிவது தேவை. விரல்களை இயக்கும் தசைகள் இரு வகைப்படும். வலுவான நீண்ட தசைகள் முன்கையில் உள்ளன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களை அடைகின்றன. சிறிய தசைகள் உள்ளங்கையிலேயே அமைந்துள்ளன. வலைக்கயிற்றை இறுகப் பற்றி இழுக்க முன்கைத் தசைகளே பெரிதும் உதவுகின்றன. சிற்பி உளியை விரல்நுனிகளால் பிடித்துத் திருப்ப வேண்டுமானால் உள்ளங்கையின் சிறு தசைகளும் இயங்க வேண்டும்.

கைக்குச் செல்லும் முதன்மையான நரம்புகள் மூன்று. அல்னார் நரம்பு முழங்கையின் உட்புறம் எலும்பை ஒட்டிச் செல்கிறது. முழங்கையை இடித்துக்கொள்ளும்போது விரல் வரை கூசுவது இந்நரம்பு அடிபடுவதால்தான். நடு நரம்பு முன்கையின் தசைகளுக்கு இடையே ஆழத்தில் சென்று, மணிக்கட்டுக்குச் சற்று மேலே தோலை நெருங்குகிறது. ரேடியல் நரம்பு மணிக்கட்டையும் விரல்களையும் மேல்நோக்கி நிமிர்த்தும் தசைகளை இயக்குகிறது.

உள்ளங்கையின் சிறு தசைகளில் பெரும்பாலானவற்றை அல்னார் நரம்பு இயக்குகிறது. அது கெட்டால் விரல்களின் அடிமூட்டு பின்னோக்கி வளைந்து, மற்ற இரு மூட்டுகளும் மடங்குகின்றன. இதுவே நகக்கை எனப்படும் நிலை. நடு நரம்பும் மணிக்கட்டில் கெட்டால் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிராக வந்து நிற்கும் ஆற்றலை இழக்கிறது. விரல்நுனிகளின் உணர்ச்சியும் போய்விடுகிறது. முன்கைத் தசைகளுக்கான கிளைகள் மேலேயே பிரிந்துவிடுவதால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. திருமணி இளைஞரின் இரும்புப் பிடிக்குக் காரணம் இதுவே.

பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளின் தசைகளையும் உணர்ச்சியையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பதிவு செய்தனர். வாதம் மனம்போனபடி பரவுவதில்லை என்பதும், ஏறக்குறைய ஒரே ஒழுங்கைப் பின்பற்றுகிறது என்பதும் தெரிய வந்தது.

நள்ளிரவில் ஒரு சவ ஆய்வு

இவ்வொழுங்குக்கான காரணத்தை அறிய நரம்புகளை முழு நீளத்திற்கும் நேரில் காண வேண்டியிருந்தது. உயிருள்ளவரிடம் அது இயலாது. தொழுநோயாளி ஒருவர் இறந்தால் செய்தி அனுப்புமாறு பிராண்ட் கேட்டிருந்தார். செங்கல்பட்டிலிருந்து அத்தகைய செய்தி வந்தபோது, தம் குழுவினருடன் வேலூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்றார். இரவு முழுவதும் நடைபெற்ற அந்த ஆய்வில் கைகால்களின் நரம்புகள் தொடக்கம் முதல் முடிவு வரை வெளிப்படுத்தப்பட்டன.

நரம்புகள் எல்லா இடங்களிலும் ஒரே சீராகத் தடித்திருக்கவில்லை. முழங்கைக்குச் சற்று மேல், மணிக்கட்டுக்குச் சற்று மேல், முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் மட்டும் அவை வீங்கியிருந்தன. இவை நரம்பு தோலுக்கு மிக அருகில் வரும் இடங்கள் ஆகும். ஆழத்தில் செல்லும் பகுதிகள் இயல்பாகவே காணப்பட்டன. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளிலேயே நன்கு பெருகுகிறது என்ற உண்மையுடன் இது பொருந்தியது. வீங்கிய நரம்பு தன்னைச் சுற்றியுள்ள உறைக்குள் நெருக்குண்டு இரத்த ஓட்டம் குறைந்து அழிகிறது என்ற விளக்கமும் பின்னர் வலுப்பெற்றது.

இதன் நடைமுறைப் பயன் பெரிது. வீங்கும் இடத்திற்கு மேலே கிளை பெறும் தசைகள் நோய் முற்றினாலும் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். ஆகவே அத்தசைகளை இடம் மாற்றிப் பயன்படுத்தினால் அவை பின்னாளில் செயலிழந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

தசைநாண் மாற்று அறுவை

அறுந்த நரம்பைத் தைக்கலாம். தொழுநோயிலோ நரம்பு நெடுந்தொலைவு உள்ளிருந்தே அழிந்துவிடுவதால் தைக்க எதுவும் இருப்பதில்லை. எனவே பிராண்ட் தசைநாண் மாற்று முறையைத் தேர்ந்தெடுத்தார். அமெரிக்கக் கை அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் காயங்களால் ஏற்பட்ட வாதத்திற்கு இம்முறையை விரிவாக வகுத்திருந்தார். பிராண்ட் அதனைத் தொழுநோய்க் கைகளுக்கு ஏற்ப மாற்றியமைத்தார்.

ஒவ்வொரு விரலையும் மடக்க மேலடுக்கில் ஒன்றும் ஆழத்தில் ஒன்றுமாக இரண்டு தசைநாண்கள் உள்ளன. ஆழத்தில் உள்ளது மட்டுமே விரலை மடக்கப் போதுமானது. ஆகவே ஒரு விரலின் மேலடுக்குத் தசைநாண் விடுவிக்கப்பட்டு, நான்கு இழைகளாகப் பிளக்கப்பட்டு, உள்ளங்கை வழியாக நான்கு விரல்களின் பக்கவாட்டில் கொண்டுசென்று தைக்கப்பட்டது. இழந்த சிறு தசைகளின் வேலையை அது ஏற்றுக்கொண்டது. கட்டைவிரலை எதிராக நிறுத்த மற்றொரு தசைநாண் பயன்பட்டது. மணிக்கட்டை நிமிர்த்தும் தசை ஒன்றுடன் காலிலிருந்து எடுத்த மெல்லிய தசைநாணை இணைத்து நீட்டி, நான்கு இழைகளாக விரல்களுக்குக் கொண்டுசெல்லும் முறையையும் பிராண்ட் பின்னர் உருவாக்கினார். இது அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

1948 ஆம் ஆண்டில் இத்தகைய அறுவைகள் வேலூரில் தொடங்கின. தொழுநோயாளியின் சதை ஆறாது என்று பலர் எச்சரித்திருந்தனர். அறுவைக் காயங்கள் மற்றவர்களைப் போலவே ஆறின. சில வாரங்கள் கை மாவுக்கட்டில் வைக்கப்பட்டு, பின்னர் உடற்பயிற்சி தொடங்கும். விரலை மடக்கி வந்த தசைக்குப் புதிய வேலையைக் கற்பிப்பதே இப்பயிற்சியின் நோக்கம். அறுவை எத்துணைச் சிறப்பாக அமைந்தாலும் பயிற்சி இன்றிக் கை பயன்படாது என்று பிராண்ட் வலியுறுத்தினார். 1952 ஆம் ஆண்டில் இலண்டனில் அரசு அறுவை மருத்துவர் கல்லூரியின் ஹண்டர் சொற்பொழிவாகத் தம் முடிவுகளை அவர் வெளியிட்டார்.

வலியின்மை என்னும் கேடு

தசைநாண் மாற்றினால் அசைவு திரும்பும், உணர்ச்சி திரும்பாது. சீரமைக்கப்பட்ட கைகளிலும் சில மாதங்களில் புதிய புண்கள் தோன்றின. இவை நோயின் வேலை என்றே மருத்துவர்களும் நோயாளிகளும் கருதிவந்தனர்.

ஒருமுறை துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, நோயாளியான சிறுவன் ஒருவன் எளிதாகச் சாவியைத் திருப்பித் திறந்தான். அவனது விரலிலிருந்து இரத்தம் சொட்டியது. சாவி எலும்பு வரை வெட்டியிருந்தது, அவனுக்கு வலிக்கவில்லை. அதன் பின் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடப்பட்டது. சூடான பாத்திரம், கரடுமுரடான கருவிக் கைப்பிடி, அணைக்காத விளக்கு என ஒவ்வொன்றாகக் காரணங்கள் கிடைத்தன. இரவில் விரலின் பகுதி காணாமல் போவதற்கு எலிகள் கடிப்பதே காரணம் எனக் கண்டறியப்பட்டது. உணர்ச்சி இல்லாததால் நோயாளி விழிப்பதில்லை. இதன் பின்னர் நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன.

விரல்கள் தாமாக உதிர்வதில்லை; வலி தெரியாமல் ஏற்படும் காயங்களும் அவற்றில் பற்றும் தொற்றுமே பெரும்பாலும் அவற்றை அழிக்கின்றன. இம்முடிவு நோயாளிகளின் எதிர்காலத்தையே மாற்றியது. விதி எனக் கருதப்பட்ட இழப்பு, தடுக்கக்கூடியதாக ஆனது.

பிராண்டுக்கும் ஒருமுறை இந்த அச்சம் நேர்ந்தது. அமெரிக்கப் பயணம் முடிந்து இங்கிலாந்து வந்த இரவில், தம் குதிகாலில் உணர்ச்சி இல்லாததை உணர்ந்தார். தமக்கும் தொழுநோய் வந்துவிட்டதாக எண்ணி இரவெல்லாம் உறங்கவில்லை. காலையில் ஊசியால் குத்திப் பார்த்தபோது வலித்தது. நெடும் பயணத்தில் கால் மரத்துப் போனதே காரணம். வலியை நன்கொடையாகக் கருதும் அவரது பிற்கால எழுத்துகளில் இந்நிகழ்வு இடம்பெற்றுள்ளது.

நவஜீவ நிலையம்

அறுவையால் விரல் நிமிர்ந்த சிலர் ஊர் திரும்பிய பின் மீண்டும் வேலூருக்கே வந்தனர். முன்பு மடங்கிய கையைக் காட்டிப் பிச்சை எடுத்து வாழ முடிந்தது. நல்ல கைக்கு எவரும் பிச்சை இடவில்லை; தொழுநோயாளி என்பதால் எவரும் வேலையும் தரவில்லை. சீரான கை அவர்களை முன்னைவிட ஏழையாக்கியிருந்தது. கையை மட்டும் சீரமைத்தால் போதாது என்பதை இது காட்டியது.

இதன் விளைவாக 1951 ஆம் ஆண்டில் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பு உருவானது. அறுவைக்குப் பின் நோயாளிகள் இங்குத் தங்கித் தொழில் கற்றனர். இளமையில் பிராண்ட் கற்ற தச்சு வேலை இங்குப் பயன்பட்டது. மரப் பொம்மைகள் செய்ய அவரே கற்பித்தார். உணர்ச்சியற்ற கைகளுக்கு ஏற்றவாறு கருவிகளின் கைப்பிடிகள் மாற்றப்பட்டன. நாள்தோறும் கைகளையும் கால்களையும் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் பழக்கமும் கற்பிக்கப்பட்டது.

கரிகிரியும் மாணவர்களும்

1955 ஆம் ஆண்டில் வேலூருக்கு அருகே கரிகிரியில் ஷீஃபெலின் தொழுநோய் ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. இதனை உருவாக்கியதில் காக்ரேனுக்கும் பிராண்டுக்கும் முக்கியப் பங்குண்டு. உணர்ச்சியற்ற பாதங்களுக்கு ஏற்ற, நுண்துளை ரப்பர் பதித்த காலணிகளை உருவாக்கும் பணி இக்காலத்தில் வளர்ந்தது. அதே ஆண்டில் திருமணி மருத்துவமனையை இந்திய அரசு ஏற்றது. அது தற்போது மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

பிராண்டிடம் பயின்றவர்களுள் எர்னஸ்ட் ஃபிரிட்சி, மேரி வர்கீஸ் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். மேரி வர்கீஸ் 1954 ஆம் ஆண்டில் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். கை அறுவையை அமர்ந்தபடியே செய்யலாம் என்பதால் பிராண்ட் அவரை இத்துறைக்கு ஊக்குவித்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த மேரி, பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கினார்.

மார்கரெட் பிராண்ட், இமை மூட இயலாமல் பார்வை இழக்கும் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். மெல்லுவதற்கான தசையின் ஒரு பகுதியை இமையுடன் இணைக்கும் அறுவை அவற்றுள் ஒன்று.

கார்வில்

1966 ஆம் ஆண்டில் பிராண்ட் கார்வில் மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவின் தலைவரானார். அங்கு, உணர்ச்சியற்ற கைகால்களில் எந்த அளவு அழுத்தம் எத்தனை முறை விழுந்தால் புண் ஏற்படும் என்பதை ஆராய்ந்தார். நீரிழிவு நோயாளிகளின் கால்களும் இதே காரணத்தால் புண்ணாகின்றன என்பதை உணர்ந்து, காலை முழுவதும் ஒட்டி அமையும் மாவுக்கட்டு முறையை அமெரிக்காவில் பரப்பினார். இன்றும் நீரிழிவுப் பாதப் புண்களுக்கு இம்முறை பயன்படுகிறது.

அழுத்தத்தை உணர்ந்து எச்சரிக்கும் மின்னணுக் கையுறை ஒன்றை உருவாக்கவும் அவரது குழு முயன்றது. அம்முயற்சி வெற்றி பெறவில்லை. கருவிகள் விரைவில் பழுதடைந்தன. எச்சரிக்கை ஒலித்தாலும் வேலையை முடிக்க விரும்பியவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. மனிதரால் அணைக்க முடியாதது என்பதே இயற்கை வலியின் சிறப்பு என்று பிராண்ட் முடிவு செய்தார். 1986 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றுச் சியாட்டில் நகரில் குடியேறினார்.

மணிக்கட்டுக் காயங்களில் இவரது பங்களிப்பு

பிராண்டின் முறைகள் தொழுநோயுடன் நிற்கவில்லை. கண்ணாடி, அரிவாள், இயந்திரம் ஆகியவற்றால் மணிக்கட்டு ஆழமாக வெட்டுப்படும்போது அல்னார் நரம்பும் நடு நரம்பும் தசைநாண்களுடன் சேர்ந்து அறுபடுவது உண்டு. அப்போது உருவாகும் கையும் தொழுநோயின் நகக்கையை ஒத்ததே ஆகும்.

இத்தகைய காயத்தில் நரம்பு முதலில் தைக்கப்படுகிறது. தைத்த இடத்திலிருந்து நரம்பு இழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே வளர்கின்றன. எதிர்பார்த்த மாதங்களில் முன்னேற்றம் தெரியாவிட்டால், மருத்துவர்கள் அவ்விடத்தை மீண்டும் திறந்து பார்க்கின்றனர். தைத்த முனைகள் விலகியிருந்தாலோ, தழும்புக் கட்டி வழியை அடைத்திருந்தாலோ, அப்பகுதியை வெட்டி நீக்கிவிட்டுக் காலிலிருந்து எடுத்த உணர்ச்சி நரம்பால் இடைவெளியை இணைக்கின்றனர். இதற்குக் கால எல்லை உண்டு. ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுகளுக்கு மேல் நரம்பின்றி இருந்த தசை, பின்னர் நரம்பு வந்து சேர்ந்தாலும் முன்போல் இயங்குவது அரிது. ஆயினும் உணர்ச்சி ஓரளவு திரும்பும் என்பதால், காலம் தாழ்ந்த பின்னும் சிலருக்கு நரம்பு சீரமைக்கப்படுகிறது.

காலம் கடந்துவிட்ட நிலையிலும், மறு அறுவையும் பயன் தராத நிலையிலும் தசைநாண் மாற்று முறையே கைகொடுக்கிறது. எந்தத் தசையை எடுத்தால் எவ்வளவு வலிமையும் எவ்வளவு நகர்ச்சியும் கிடைக்கும் என்று கணக்கிடும் முறையைப் பிராண்ட் 1985 ஆம் ஆண்டில் வெளிவந்த கையின் மருத்துவ இயக்கவியல் பற்றிய நூலில் விளக்கினார். கை அறுவை மருத்துவர்களும் உடற்பயிற்சி வல்லுநர்களும் பரவலாகப் பயன்படுத்தும் நூல்களுள் இதுவும் ஒன்றாகும்.

தொழுநோயிலும் நரம்பைக் காக்கும் முயற்சிகள் தொடர்ந்தன. நரம்பு வீங்கத் தொடங்கிய உடனே ஸ்டீராய்டு மருந்து அளித்தால் பலருக்கு வாதம் தவிர்க்கப்படுகிறது அல்லது குறைகிறது. நரம்பின் உறையைத் திறந்து நெருக்கத்தைத் தளர்த்தும் அறுவையும் செய்யப்படுகிறது. மருந்தை மட்டும் அளிப்பதைவிட இது கூடுதல் பயன் தருகிறதா என்பது இன்னும் உறுதிப்படவில்லை.

நூல்களும் விருதுகளும்

எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் இணைந்து மனித உடல், வலி, சமய நம்பிக்கை ஆகியவை பற்றிய நூல்களைப் பிராண்ட் எழுதினார். வலி பற்றிய நூல் 1993 ஆம் ஆண்டில் வெளிவந்தது. டொரத்தி கிளார்க் வில்சன் எழுதிய இவரது வாழ்க்கை வரலாறு 1965 ஆம் ஆண்டில் வெளியானது. 1960 ஆம் ஆண்டில் ஆல்பர்ட் லாஸ்கர் விருதும், 1961 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பேரரசின் சி.பி.ஈ. விருதும் இவருக்கு வழங்கப்பட்டன. 1990களில் பன்னாட்டுத் தொழுநோய்ப் பணி அமைப்பின் தலைவராகவும் இருந்தார்.

இறுதிக் காலமும் மறைவும்

பிராண்டின் தாய் ஈவ்லின் கணவரின் மறைவுக்குப் பின்னும் மலைவாழ் மக்களிடையே பணியைத் தொடர்ந்தார். 1974 ஆம் ஆண்டில் தம் 95 ஆவது வயதில் மறைந்த அவர், கொல்லி மலையில் கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

பால் பிராண்ட் கீழே விழுந்ததால் மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவின் விளைவாக 2003 ஆம் ஆண்டு ஜூலை 8 ஆம் நாள் சியாட்டிலில் காலமானார். மார்கரெட் பிராண்ட் 2014 ஆம் ஆண்டில் மறைந்தார். இவர்களுக்கு ஆறு பிள்ளைகள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கை அறுவை மருத்துவ மையம் பிராண்டின் பெயரைத் தாங்கியுள்ளது.

1980களில் பரவலான கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோய் இன்று முழுமையாகக் குணப்படுத்தக்கூடியது. மருந்து கிருமியை அழிக்கும். ஏற்கெனவே அழிந்த நரம்பை அதனால் மீட்க இயலாது. ஆகவே குணமடைந்த பின்னும் மடங்கிய விரல்களுடன் வாழ்பவர்கள் இன்றும் உள்ளனர். அவர்களுக்கான தசைநாண் மாற்று அறுவை, பிராண்ட் அந்த இளைஞரின் கையைப் பிடித்துப் பார்த்த திருமணியிலும் நடைபெறுகிறது.